பந்தயத் தடத்துத் திறமை சாலையில் காக்குமா?

காரை அதன் எல்லைவரை ஓட்டக் கற்றவர், அன்றாடச் சாலையில் மற்றவர்களைவிடப் பாதுகாப்பாக ஓட்டுவாரா? கார் ஆர்வலர்களில் பலர் இதற்கு ஆம் என்பார்கள். சாலைப் பாதுகாப்பை ஆராய்பவர்களில் பலர் இல்லை என்பார்கள், சிலர் அதைவிடக் கடுமையாகவும் சொல்வார்கள். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வாதிட்டு வருகின்றன. நமக்கும் இது தொலைதூர விவாதம் அல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்று அரசுக் கணக்கு பதிவு செய்கிறது. அதே காலத்தில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும், கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சொந்தக் காரோடு போய் ஓட்டிப் பழக விரும்புவோர் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் சாலைக்குத் திரும்பும்போது எதைக் கொண்டுவருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதுவரை சொல்லப்பட்ட விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பிறப்பையும் பலத்தையும் ஓட்டையையும் பார்ப்போம்.

கேள்வி பிறந்த இடம்

தொடக்கத்தில் தடம் வேறு, சாலை வேறு என்ற பிரிவே இல்லை. ஊர்விட்டு ஊர் போகும் பொதுச் சாலைகளில்தான் பந்தயங்கள் நடந்தன. 1907இல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் தடம் திறக்கப்பட்டது. கார் ஓட்டத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் தடம் அது. அன்றைய பிரிட்டிஷ் சாலைகளில் மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு என்பதால், வேகத்தைச் சோதிக்க வேறிடம் தேவைப்பட்டது. ஆனாலும் பொதுச்சாலைப் பந்தயங்கள் நெடுங்காலம் தொடர்ந்தன. 1957 மே மாதம் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஒரு ஃபெராரி காரின் டயர் வெடித்து, குயிதிட்சோலோ ஊரருகே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். காரிலிருந்த இருவரும் பிழைக்கவில்லை. முழுவேகப் பந்தயமாக நடந்துவந்த மில்லே மில்லியா அதோடு முடிந்தது. அந்த ஆண்டு வென்ற பியரோ தாருஃபி ஒரு பொறியாளர். பந்தய ஓட்டத்தின் நுட்பங்களைக் கணிதத்தோடு விளக்கிப் பிற்பாடு அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பந்தயத் திறமை சாலைக்குப் பயன்படும் என்ற எண்ணத்துக்கு நிறுவன வடிவம் கொடுத்தது லண்டன் காவல்துறை. 1930களில் ஹெண்டனில் தொடங்கப்பட்ட காவலர் ஓட்டுநர் பள்ளியின் பாடமுறையை வகுக்க, பந்தய ஓட்டுநராகவும் இருந்த காட்டன்ஹாம் பிரபு அழைக்கப்பட்டார். அங்கே உருவான ஒழுங்குமுறைதான் 1955இல் 'ரோட்கிராஃப்ட்' என்ற கையேடாக வெளிவந்தது. அந்த முறையின் சாரம் வரிசை: முதலில் தகவல், பின்பு சாலையில் காரின் இடம், பின்பு வேகம், கியர், கடைசியில் ஆக்சிலரேட்டர். வேகமாக ஓட்டத் தெரிந்த ஒருவர் இதில் முதலிடம் கொடுத்தது கைக்கு அல்ல, கண்ணுக்கு. பின்னால் வந்த விவாதம் முழுவதற்கும் விதை இங்கேயே இருக்கிறது.

முதல் நிலைப்பாடு: திறமையே காப்பு

ஆர்வலர்களின் வாதத்துக்கு இயற்பியலின் ஆதரவு உண்டு. காருக்கும் தரைக்கும் இடையே இருப்பவை உள்ளங்கையளவுள்ள நான்கு ரப்பர் பரப்புகள் மட்டுமே. பிரேக், திருப்பம், முடுக்கம் மூன்றும் அந்தப் பிடிப்பைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கீட்டுக் கணக்கு நேர்க்கணக்கு அல்ல. பிடிப்பில் 80 விழுக்காட்டை பிரேக்குக்குக் கொடுத்தால், திருப்பத்துக்கு 20 அல்ல, 60 விழுக்காடு மிஞ்சும். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் நேரே போகும். வளைவின் நடுவே அஞ்சி பிரேக்கை மிதிப்பவருக்கு நேர்வது இதுதான். பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே வளைவுக்குள் நுழையும் டிரெயில் பிரேக்கிங் பழகியவரின் கால் இந்தப் பங்கீட்டை அறிந்திருக்கிறது. பின்சக்கரம் விலகும்போது இருக்கையிலேயே அதை உணர்ந்து, பதறாமல் எதிர்த் திருப்பம் கொடுக்கும் கையும் தடத்தில்தான் பழக முடியும். இந்த அனுபவம் இல்லாதவருக்கு முதல் சறுக்கல் சாலையில்தான் வரும், அது கடைசிச் சறுக்கலாகவும் ஆகலாம் என்பது இத்தரப்பின் வலுவான வாதம்.

ஆனால் தடத்தில் கற்பதில் பெரும்பகுதி சாலைக்குப் பொருந்துவதே இல்லை. பந்தய ஓட்டத்தின் தலையாய பாடமான 'ரேசிங் லைன்' என்பதையே எடுத்துக்கொள்வோம். வெளிவிளிம்பில் நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்புக்குப் போனால் வளைவின் ஆரம் பெரிதாகும். ஆரம் பெரிதானால் வேகம் கூடும். உள்விளிம்பின் ஆரம் 30 மீட்டர், கார் நகர்ந்துகொள்ள 8 மீட்டர் அகலம், தொண்ணூறு பாகைத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த தரையில் நடுவழியாகவே போகும் கார் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டரில் எல்லையைத் தொடும். முழு அகலத்தையும் பயன்படுத்தும் கார் 80 வரை போகலாம். இதே திருப்பம் இருவழிச் சாலையில் இருந்தால்? எதிர்த்திசைத் தடம் நம்முடையதல்ல. நம் பக்கத்தில் காரின் அகலம் போக, நகர இடம் 1.7 மீட்டர் அளவுக்குத்தான் மிஞ்சும். அதற்குள் எவ்வளவு திறமையாக வளைத்தாலும் 59 என்பது 64 ஆகும், அவ்வளவே. தடத்தில் கிடைத்த 18 கிலோமீட்டர் ஆதாயம் சாலையில் 5 ஆகச் சுருங்குகிறது. அந்த 5க்கும் விலை உண்டு. எல்லையில் ஓடும் காருக்கு, வளைவுக்கு அப்பால் நிற்கும் மாட்டு வண்டிக்காக ஒதுக்க எந்தப் பிடிப்பும் மீதமில்லை. தடத்தில் வளைவுக்கு அப்பால் யாரும் குறுக்கே வருவதில்லை. ஆபத்து இருந்தால் கொடி காட்ட ஆள் நிற்கிறார். சாலையில் அந்தக் கொடி இல்லை.

இரண்டாம் நிலைப்பாடு: திறமை துணிச்சலாக மாறுகிறது

முதல் பலத்த எதிர்ப்பு 1974இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. வில்லியம்ஸ், ஓ'நீல் என்ற இரு ஆய்வாளர்கள் ஃபுளோரிடா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களில் பந்தய உரிமம் வைத்திருந்தோரின் சாலைப் பதிவுகளை எடுத்து, அதே வயதும் பாலினமும் கொண்ட சாதாரண ஓட்டுநர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பந்தய ஓட்டுநர்கள் பேரில் விபத்துகளும் வேக மீறல்களும் கூடுதலாகவே இருந்தன. சில ஒப்பீடுகளில் வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியானதாக இல்லை. ஆனால் எதிர்பார்த்த நன்மை எங்கும் தென்படவில்லை.

அடுத்த சான்று வட ஐரோப்பாவின் பனிச்சாலைகளிலிருந்து வந்தது. நார்வே 1979இல் புதிய ஓட்டுநர்களுக்குச் சறுக்கல் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பின்பு நடந்த மதிப்பீட்டில், வழுக்கும் சாலைகளில் இளம் ஆண்களின் விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. பின்லாந்திலும் எதிர்பார்த்த குறைவு கிடைக்கவில்லை. ஏன் இப்படி என்பதற்கு ஸ்வீடனில் கிரேகர்சன் 1996இல் வெளியிட்ட சோதனை ஒரு விடை தருகிறது. அவர் பயிற்சி பெறுவோரை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு பிரேக் பிடித்து விலகும் திறமையைக் கற்பித்தார். மற்றக் குழுவுக்கு, தங்கள் திறமை எவ்வளவு சிறியது என்பதை அதே தளத்தில் உணரவைத்தார். பின்பு சோதித்தபோது உண்மையான திறமையில் இரு குழுக்களும் ஏறக்குறைய சமம். ஆனால் முதல் குழுவினர் தங்களைக் கூடுதல் திறமைசாலிகளாக மதிப்பிட்டார்கள். கை கற்றதைவிட மனம் கூடுதலாகக் கற்றுக்கொண்டது. ஏற்கெனவே 1981இல் ஸ்வென்சன் செய்த ஆய்வில், அமெரிக்க மாதிரியில் 93 விழுக்காட்டினரும் ஸ்வீடன் மாதிரியில் 69 விழுக்காட்டினரும் தங்கள் ஓட்டும் திறமை சராசரிக்கு மேல் என்று நம்பியது தெரியவந்திருந்தது. மிகைமதிப்பு எல்லோருக்கும் பொது. பயிற்சி அதற்கு உரமிடலாம் என்பதே இங்கு கவலை.

இந்த மிகைமதிப்பு எவ்வளவு விரைவில் திறமையை விழுங்கிவிடும் என்பதைச் சிறு கணக்கு காட்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் சாதாரண ஓட்டுநர், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொள்கிறார் என்போம். அதற்குள் கார் 42 மீட்டர் ஓடிவிடும். நல்ல உலர்ந்த சாலையில் நிற்க இன்னும் 49 மீட்டர். மொத்தம் 91 மீட்டர். தடத்தில் பழகியவர் 1.3 நொடியில் மிதித்து, பிரேக்கிலிருந்து பத்து விழுக்காடு கூடுதல் பயனையும் பெறுகிறார் என்று தாராளமாகவே கொடுப்போம். அவர் 81 மீட்டரில் நிற்பார். பத்து மீட்டர் என்பது ஓர் உயிர். ஆனால் அதே நம்பிக்கையில் அவர் 110இல் வந்தால், அதே திறமையோடும் அவருக்கு 94 மீட்டர் வேண்டும். 100இல் வந்த சாதாரண ஓட்டுநரைவிட மூன்று மீட்டர் தள்ளித்தான் நிற்பார். வேகமுள்ளில் பத்து கிலோமீட்டர் ஏறினால் பயிற்சி தந்த முழு ஆதாயமும் கரைந்துபோகிறது.

இந்த நிலைப்பாட்டின் ஓட்டைகளையும் சொல்லவேண்டும். அமெரிக்க ஒப்பீட்டில் யார் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்ற கணக்கு இல்லை. பந்தய ஆர்வலர் மற்றவரைவிட அதிக தூரம் ஓட்டுபவராக இருக்கலாம். வேகத்தை விரும்புகிறவர்தான் பந்தயத்துக்குப் போகிறார், பந்தயம் அவரை அப்படி ஆக்கவில்லை என்ற மறுப்பும் நியாயமானது. அந்த ஆய்வைக் கொண்டு தடம் ஓட்டுநரைக் கெடுக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் எல்லையில் ஓட்டும் திறமை மட்டுமே ஒருவரைக் காத்துவிடும் என்ற உறுதிமொழியை அது அசைத்துவிடுகிறது. வட ஐரோப்பியப் பயிற்சிகள் சில மணி நேரமே நடந்தவை, புதியவர்களுக்கானவை. ஆண்டுக்கணக்கில் தடத்தில் பழகுபவருக்கு அவற்றை நேரடியாகப் பொருத்துவதும் சரியல்ல. உரிமம் பெற்றபின் தரப்படும் பயிற்சிகள் குறித்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை உள்ளடக்கிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, விபத்துகள் குறைந்ததற்குச் சான்றில்லை என்றது. ஆனால் அதிலிருந்த பயிற்சிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் அஞ்சல் வழியாகவும் வகுப்பறையிலும் நடந்தவை. அவற்றின் தோல்வியைத் தடத்தின் தலையில் சுமத்த முடியாது.

மூன்றாம் நிலைப்பாடு: கையைவிட இயந்திரம்

1997 அக்டோபரில் ஒரு ஸ்வீடன் பத்திரிகை, புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைக் குறுக்கே வரும் காட்டுமானிடமிருந்து திடீரென விலகுவதுபோல் ஓட்டிப் பார்த்தது. கார் கவிழ்ந்தது. ஓட்டியவர் அனுபவமுள்ள சோதனை ஓட்டுநர். உற்பத்தி நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை அந்தச் சிறிய காருக்கும் அளித்தது. கார் சறுக்கத் தொடங்கும் கணத்திலேயே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து அதை நேராக்குவது இக்கருவியின் வேலை. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக பிரேக் கொடுக்க எந்தப் பந்தய வீரராலும் முடியாது. மிதி ஒன்றுதான். தனிக்கார் மரண விபத்துகளை இக்கருவி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வுகள் மதிப்பிட்டன. 2012 மாடல் முதல் அங்கே எல்லாப் பயணிகள் கார்களிலும் இது கட்டாயம். எந்தப் பயிற்சியும் இவ்வளவு பெரிய பலனைக் காட்டியதாகச் சான்றில்லை.

இதற்கு எதிராக ஆர்வலர்கள் காட்டும் உதாரணம் மியூனிக் நகரத்து டாக்சிகள். பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திய டாக்சிகளும் பொருத்தாத டாக்சிகளும் அங்கே ஒப்பிடப்பட்டன. விபத்து எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆனால் ஏ.பி.எஸ். உள்ளவர்கள் கூடுதல் துணிச்சலோடு ஓட்டினார்கள். மனிதர் தமக்கு ஏற்புடைய ஓர் ஆபத்தளவை வைத்திருக்கிறார், காப்பு கூடினால் துணிச்சலும் கூடும் என்பது 1982இல் ஜெரால்ட் வைல்டு முன்வைத்த கோட்பாடு. ஆர்வலர்கள் இதை இயந்திரத்துக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது திறமைக்கும் அதே அளவு பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வேறுபாடும் உண்டு. ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்த காப்பைத்தான் அவர் வேகமாக மாற்றிக்கொள்ள முடியும். நிலைப்புக் கட்டுப்பாடு பெரும்பாலும் யாரும் அறியாமல் இருந்து, கடைசிக் கணத்தில் மட்டும் வேலை செய்கிறது. அதன் பலன் நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தடத்துத் திறமையோ ஓட்டுநர் மனத்தில் எப்போதும் விழித்திருக்கிறது.

நான்காம் நிலைப்பாடு: கண்ணும் முடிவும்

பின்லாந்து உளவியலாளர்கள் கெஸ்கினென், ஹாட்டக்கா ஆகியோர் ஓட்டுதலை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். அடியில் காரைக் கையாளுதல். அதற்கு மேல் போக்குவரத்துச் சூழலைக் கையாளுதல். அதற்கு மேல் பயணத்தின் நோக்கம்: எப்போது, யாரோடு, எந்த அவசரத்தில் கிளம்புகிறோம் என்பது. உச்சியில் வாழ்க்கை பற்றிய மனநிலை. மேற்படியில் எடுக்கும் முடிவு கீழ்ப்படியின் திறமையை ஆளும் என்பது இதன் சாரம். தூக்கக் கலக்கத்தோடு நள்ளிரவில் கிளம்புபவருக்கு டிரெயில் பிரேக்கிங் கைகொடுக்காது. தடப் பயிற்சி ஏறக்குறைய முழுவதுமாக அடிப்படியிலேயே நின்றுவிடுகிறது.

கண் எங்கே பார்க்கிறது என்பதிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. வளைவான சாலையில் சாதாரண ஓட்டுநர்களின் கண் உள்விளிம்பின் தொடுபுள்ளியை நாடுகிறது என்று லேண்ட், லீ இருவரும் 1994இல் காட்டினார்கள். பின்பு ஒரு பந்தய ஓட்டுநரை மேலரி பார்க் தடத்தில் ஆராய்ந்தபோது, அவர் தலையைத் திருப்பும் அளவு, காரின் வரவிருக்கும் திருப்பத்தை முன்கூட்டியே ஒத்திருந்தது. தடம் அவர் நினைவில் பதிந்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. ஒரே பாதையை நூறுமுறை சுற்றுபவரின் முன்னறிவு நினைவிலிருந்து வருகிறது. பள்ளிக்கூட வாசலைக் கடப்பவருக்கோ, நினைவில் இல்லாததை எதிர்பார்க்கும் முன்னறிவு வேண்டும். இந்த இரண்டாவதைக் கற்பிக்கவும் சோதிக்கவும் முடியும். பிரிட்டன் 2002இல் உரிமத் தேர்வில் ஆபத்தை முன்னறியும் காணொளிச் சோதனையைச் சேர்த்தது. அதன்பின் நடந்த ஆய்வு, புதிய ஓட்டுநர்களின் சில வகை விபத்துகளில் சுமார் 11 விழுக்காட்டுக் குறைவை அதனோடு தொடர்புபடுத்தியது. சிறிய பலன்தான், சறுக்கல் பயிற்சி அதைக்கூடக் காட்டவில்லை. இந்த நிலைப்பாட்டுக்கும் குறை உண்டு. திரையில் ஆபத்தைக் கண்டுகொள்பவர் சாலையில் வேகத்தைக் குறைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. அறிவது வேறு, அடங்குவது வேறு.

ஐந்தாம் நிலைப்பாடு: தடம் ஒரு வடிகால்

வேக ஆசையை ஒழிக்க முடியாது, அதற்கு இடம் கொடுத்தால் சாலை தப்பிக்கும் என்பது மற்றொரு வாதம். அமெரிக்காவின் சான் டியாகோவில் 2000களின் தொடக்கத்தில் விளையாட்டரங்க வாகன நிறுத்துமிடத்தில் முறையான பந்தயம் நடத்தப்பட்டது. அதே சமயம் தெருப் பந்தயத்துக்கு எதிரான சட்டமும் காவல் கெடுபிடியும் இறுகின. தெருப் பந்தயம் குறைந்ததாகத் தெரியவந்தாலும், குறைத்தது தடமா காவலா என்று பிரித்தறிய முடியவில்லை. நம் சட்டத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தைக் குற்றமாக்குகிறது. தடத்தில் ஓட்டுவது குற்றமல்ல. ஆனால் நம் வழக்கமான கார் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதைத் தடத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் பாலிசியைப் படித்து அறிந்திருக்க வேண்டும். வடிகால் வாதத்தின் முக்கியமான பலவீனம் வேறு. சென்னைக்கும் கோவைக்கும் அருகில் தடங்கள் இருந்தும், கட்டணமும் தூரமும் டயர்ச் செலவும் தாங்குபவர்களுக்குத்தான் அவை எட்டும். இரவில் நெடுஞ்சாலையில் பைக்கை விரட்டும் இளைஞருக்கு அந்த வடிகால் திறந்திருக்கவே இல்லை.

மதிப்பீடு

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, தடமா சாலையா என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது. தடம் கற்பிப்பது எல்லையில் காரை ஆளும் கலை. சாலை கேட்பது எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாமலிருக்கும் பழக்கம். முன்னது பின்னதைத் தானாகத் தராது. சில வேளை கெடுக்கவும் கூடும். ஆனால் கிரேகர்சன் சோதனையை ஊன்றிப் படித்தால் நம்பிக்கையும் பிறக்கிறது. ஒரே தளத்தில் தரப்பட்ட பயிற்சியில், பயிற்றுநர் எதை நோக்கிக் கற்பித்தார் என்பதே மாணவரின் மனத்தை மாற்றியது. அப்படியானால் குற்றம் தளத்தில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. நனைந்த தளத்தில் அதே வளைவில் பத்து கிலோமீட்டர் வேகம் கூடினால் கார் என்ன ஆகிறது என்று காட்டி அனுப்பும் தடப் பயிற்சியும், நேரத்தை நொடியில் குறைத்ததற்குக் கைதட்டி அனுப்பும் பயிற்சியும் ஒன்றல்ல.

தீராத கேள்விகள் மூன்று. நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள இன்றைய கார்களில், நீண்டகாலம் தடத்தில் ஓட்டுபவர்களின் சாலைப் பதிவு எப்படி இருக்கிறது என்பதை, அவர்கள் ஓட்டும் தூரத்தையும் கணக்கிலெடுத்து நேர்மையாக ஒப்பிடவேண்டும். அடக்கத்தைக் கற்பிக்கும் தடப் பயிற்சி ஒரு வாரத்துக்குப் பின்பும் மனத்தில் தங்குமா, ஓராண்டுக்குப் பின்பும் தங்குமா என்று பார்க்கவேண்டும். நடப்பவரும் மிதிவண்டியும் பேருந்தும் மாடும் ஒரே சாலையைப் பகிரும் நம் நாட்டுக்கு, ஐரோப்பியப் பனிச்சாலை முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பதும் சோதிக்கப்பட வேண்டும். விடை வரும்வரை தடத்துக்குப் போகும் ஆர்வலர் ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளலாம்: அங்கே கற்ற திறமையை, அதே வேகத்தில் முன்னிலும் சீக்கிரம் நிற்பதற்கு வைத்துக்கொண்டால் பத்து மீட்டர் மிச்சம். வேகத்தைக் கூட்டச் செலவழித்தால் ஒன்றும் மிஞ்சாது.